எக்ஸ்-ரே ஸ்பெக்ஸின் முதல் சிங்கிள்: எதை எதிர்த்துப் பாடினார்கள்?

மயிலை_ஒலிபெருக்கி:

எழுபதுகளின் பங்க் இசையை (வேகமான, முரட்டு ராக்) முதல் சிங்கிள் வாரியாகக் கேட்டுக்கொண்டு வருகிறேன். சிங்கிள் என்றால் பக்கத்துக்கு ஒரு பாட்டு வரும் சிறு வட்டு. செக்ஸ் பிஸ்டல்ஸின் 'அனார்க்கி இன் த யூகே' (1976 நவம்பர்), த கிளாஷின் 'வைட் ரயட்' (1977 மார்ச்) இரண்டையும் முடித்துவிட்டு இப்போது எக்ஸ்-ரே ஸ்பெக்ஸின் 'ஓ பாண்டேஜ் அப் யுவர்ஸ்!' (கட்டிப்போடுவதா, போடா! என்கிற மாதிரி) பாட்டுக்கு வந்திருக்கிறேன். 1977 செப்டம்பர் 30 அன்று வர்ஜின் நிறுவனம் வெளியிட்டது. லண்டன் குழு. 1976இல் கூடி 1979இல் கலைந்துவிட்டது. பாடியவர் போலி ஸ்டைரீன் என்று பெயர் வைத்துக்கொண்ட இருபது வயதுப் பெண்.

முதல் இரண்டு பாட்டிலும் யாரைத் திட்டுகிறார்கள் என்பது புரிகிறது. ஒன்றில் நாட்டையே போட்டு உடைக்கிறார்கள். இன்னொன்றின் பின்னால் 1976 நாட்டிங் ஹில் கார்னிவலில் போலீசோடு நடந்த மோதல் இருக்கிறது. மூன்றாவதில்? ஒரு பெண் தன்னைக் கட்டிப்போடச் சொல்லி, சங்கிலி பூட்டச் சொல்லிக் கத்துகிறார். அவ்வளவுதான்.

எதிர்ப்புப் பாடல்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் இது அதில் இருக்கிறது. பாட்டு பிடித்திருக்கிறது, அதில் தகராறு இல்லை. ஆனால் எதிர்ப்பு எங்கே? 'சத்தமாக இருக்கிறது, ஆகவே எதிர்ப்பு' என்று யாரும் சொல்ல வேண்டாம், அதை நானே சொல்லிக்கொள்வேன்.

சும்மா_கேட்பவன்:

பாட்டின் பெயரைப் பார்த்துவிட்டு ஹெட்போன் மாட்டித்தான் கேட்டேன். வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள். அந்த முதல் கத்தலுக்கு ஹெட்போனைத் தாண்டியே கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஊசிமுனை:

மயிலை அண்ணா, எதிரி இருக்கிறார். ஆனால் அரண்மனையிலோ போலீஸ் வண்டியிலோ இல்லை, கடைத்தெருவில் இருக்கிறார். பாட்டு எந்தத் தெருவில் பிறந்தது என்று முதலில் பாருங்கள்.

போலியின் இயற்பெயர் மரியான் ஜோன் எலியட்-செயித். பிறந்தது 1957, ப்ராம்லியில். வளர்ந்தது பிரிக்ஸ்டனில். அப்பா சோமாலியர், அம்மா ஸ்காட்டிஷ்-ஐரிஷ் வழிவந்தவர், வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை. பதினைந்து வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பி ஹிப்பி விழா விழாவாகச் சுற்றியிருக்கிறார். துருப்பிடித்த ஆணி காலில் ஏறி ரத்தத்தில் விஷம் கலந்த பிறகுதான் அந்தச் சுற்றல் நின்றது. 1976இல் மாரி எலியட் என்ற பெயரில் 'சில்லி பில்லி' என்று ஒரு ரெகே பாட்டு போட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை. அதே வருடம் ஜூலை 3, தன்னுடைய பத்தொன்பதாவது பிறந்தநாளில், ஹேஸ்டிங்ஸ் கடற்கரையில் கிட்டத்தட்டக் காலியான ஒரு அரங்கில் செக்ஸ் பிஸ்டல்ஸைப் பார்த்தார். ஊருக்கு வந்து இசைப் பத்திரிகையில் 'குழு சேர்க்கிறேன், பங்க் பிள்ளைகள் வாருங்கள்' என்று விளம்பரம் கொடுத்தார்.

விஷயம் இதற்கு நடுவில் இருக்கிறது. செல்சியாவின் கிங்ஸ் ரோட்டில் போஃபோர்ட் மார்க்கெட் என்று சிறு கடைகள் அடங்கிய ஒரு கட்டடம். அதில் போலி ஒரு கடை போட்டிருந்தார். பிளாஸ்டிக் அலங்காரப் பொருள், கண் கூசும் நிறத்தில் உடுப்பு, இந்த மாதிரி சரக்கு. அதே சாலையில் 430ஆம் எண்ணில் செக்ஸ் பிஸ்டல்ஸின் மேனேஜர் மால்கம் மெக்லாரனும் உடை வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட்டும் நடத்திய கடை. பாண்டேஜ் பேண்ட் என்று ஒன்று அங்கேதான் விற்றார்கள்: இரண்டு காலையும் ஒரு பட்டையால் இணைத்து, வார், வளையம், ஜிப் எல்லாம் தைத்த கால்சட்டை. கலகக்காரன் போடும் உடுப்பு என்று பெயர். விலையைக் கேட்டால் கலகக்காரன் திரும்பிப் போய்விடுவான்.

அந்தத் தெருவிலேயே உட்கார்ந்து வியாபாரம் செய்த பெண் 'கட்டு' என்ற வார்த்தையைக் கையில் எடுத்து, போடா என்கிறார். இரண்டாவது அடியைக் கவனியுங்கள். சங்கிலி என்ற ஒரு சொல்லை வைத்து வரிசை கட்டுகிறார்: செயின் ஸ்டோர், செயின் ஸ்மோக், செயின் கேங். பல கிளைகள் உள்ள கடையும் அடுத்தடுத்துப் பற்றவைக்கும் சிகரெட்டும் விலங்கு மாட்டிய கைதிக் கூட்டமும் ஒரே மூச்சில் வருகின்றன. யார் எதிரி என்று இதற்கு மேல் எப்படிச் சொல்வது?

பெயரையும் பாருங்கள். டெலிபோன் டைரக்டரியின் மஞ்சள் பக்கங்களில் பிளாஸ்டிக் சம்பந்தமாகத் தேடி எடுத்தது போலி ஸ்டைரீன் (பாலிஸ்டைரீன் ஒருவகை பிளாஸ்டிக்). குழுவின் பெயர் காமிக்ஸ் புத்தக விளம்பரத்தில் வரும் 'எதையும் ஊடுருவிப் பார்க்கும்' பொய்க் கண்ணாடி. விற்பனைச் சரக்கையே பெயராகச் சூட்டிக்கொண்டவர்கள் இவர்கள்.

கணக்குப்பிள்ளை:

கதை நன்றாக இருக்கிறது அக்கா. ஆனால் கடை போட்டவரே கடைத்தெருவை எதிர்த்தார் என்றால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. வர்ஜினில் சிங்கிள் போட்டார்கள். அப்புறம் எங்கே போனார்கள்? ஈஎம்ஐ என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் துணை நிறுவனத்துக்கு. 1977 ஜனவரியில் செக்ஸ் பிஸ்டல்ஸைப் பணம் கொடுத்து அனுப்பிவைத்த அதே ஈஎம்ஐ. வாங்குவதை எதிர்த்துப் பாட்டு, அந்தப் பாட்டு விற்பனைக்கு. ஏழு இஞ்ச் வட்டு போதாதென்று பன்னிரண்டு இஞ்ச்சிலும் போட்டார்கள்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். 'அனார்க்கி', 'வைட் ரயட்' இரண்டும் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 38ஆம் இடம் வரை ஏறின. இரண்டுக்கும் ஒரே எண், வேடிக்கைதான். இந்தப் பாட்டு பட்டியல் பக்கமே வரவில்லை. அடுத்த வருடம் ஈஎம்ஐயில் போட்ட மூன்று சிங்கிள்களும் முதல் 25க்குள் வந்தன, டிவியிலும் வந்தார்கள். ஆக, 1977இல் யாரும் பெரிதாகக் கேட்காத பாட்டு. பின்னால் வந்தவர்கள் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். எதிர்ப்பை அவர்கள்தான் இதற்குள் போட்டார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

பித்தளைக்காரன்:

வணக்கம். வார்த்தை ஆராய்ச்சி எனக்கு வராது. மதுரைப் பக்கம் பாண்டு செட்டில் கிளாரினெட்டும் சாக்ஸபோனும் வாசிக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் ஊர்வலம். இந்த இழையைப் பார்த்துவிட்டுத்தான் பாட்டைக் கேட்டேன். மூன்று நிமிடம்கூட இல்லை. சாக்ஸுக்காகத் திரும்பத் திரும்பப் போட்டேன்.

முதலில் அந்தப் பெண் நல்ல பிள்ளை மாதிரி ஒரு வாக்கியம் பேசுகிறது. சின்னப் பெண்கள் கண்ணுக்குத் தெரிந்தால் போதும், குரல் கேட்கக் கூடாது என்று சிலர் நினைக்கிறார்களாம். பாடம் ஒப்பிக்கிற குரல். அடுத்த மூச்சில் பாட்டின் தலைப்பைக் கத்துகிறது. பிறகு ஒன்று இரண்டு மூன்று நான்கு. மொத்தக் குழுவும் ஒன்றாக விழுகிறது. அந்த இடத்தில் கிடாருக்குச் சமமாகச் சாக்ஸ் நிற்கிறது.

நமக்குச் சாக்ஸ் என்றால் கத்ரி கோபால்நாத். கமகம், இழைவு, மூச்சை அடக்கி வாசிப்பது. இது அதற்கு நேர் எதிர். குழைவே கிடையாது. நேராக, தட்டையாக, ரீடைப் பல்லால் அழுத்திப் பிடித்த மாதிரி ஒரு ஒலி. சுருதி இம்மி விலகுகிறது, அதைச் சரிசெய்யவும் இல்லை. எங்கள் செட்டில் இப்படி வாசித்தால் மாஸ்டர் குச்சியை எடுப்பார். எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம், பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் வாத்தியம் நுழைய வேண்டும் என்பது. இங்கே குரலும் சாக்ஸும் ஒரே வாசலில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நுழைகின்றன. யாரும் யாருக்கும் வழி விடவில்லை.

வாசித்தது யார் என்று தேடிப் பார்த்தால் லோரா லாஜிக் என்று ஒரு பெண். வயது பதினாறு. மயிலை சாருக்கு என் பதில் இதுதான்: குரல் கேட்கக் கூடாது என்று சொன்ன வாக்கியத்துக்கு இரண்டு பெண்கள் சேர்ந்து போட்ட சத்தம் இது. சத்தமாக இருப்பதால் எதிர்ப்பு என்று சொல்லாதே என்றீர்கள். இங்கே சத்தம்தான் சார் பதில்.

மயிலை_ஒலிபெருக்கி:

பித்தளை அண்ணன், இதை வேறு யாராவது எழுதியிருந்தால் ஏற்றிருக்க மாட்டேன். 'வழி விடவில்லை' என்றதும் மறுபடி போட்டுக் கேட்டேன். உண்மைதான், பல்லவியில் இரண்டும் முட்டிக்கொள்கின்றன.

ஆனாலும் ஊசிமுனை சொன்னதும் நீங்கள் சொன்னதும் வேறு வேறு. அவர் கடைத்தெரு என்கிறார், நீங்கள் பெண்குரல் என்கிறீர்கள். பாட்டு எதைப் பற்றியது? இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால் எதையும் சொல்லாத மாதிரி ஆகிவிடாதா?

குறொய்டன்வாசி:

ஓம், நல்ல கேள்வி. நான் 80களில் லண்டன் வந்தவன், இந்தக் குழுவை நேரில் பார்த்ததில்லை. ஆனால் அந்த 1977 கோடை பற்றி இங்கே இருந்த மூத்த ஆட்கள் கனக்கச் சொல்லியிருக்கினம்.

ஜூன் மாதம் ராணியின் வெள்ளிவிழா, தெருவெல்லாம் கொடி. அதே கிழமைகளில் வடமேற்கு லண்டனில் கிரன்விக் என்ற படம் கழுவும் தொழிற்சாலை வாசலில் பெரிய மறியல். வேலைநிறுத்தம் செய்தவர்களில் பெரும்பாலானோர் கிழக்கு ஆப்பிரிக்காவில் இருந்து வந்த குஜராத்திப் பெண்கள். முன்னுக்கு நின்றவர் ஜெயாபென் தேசாய், சேலை கட்டிய சின்ன உருவம். 1976 ஆகஸ்டில் வெளிநடப்பு செய்தவர்கள் 1978 ஜூலை வரை விடவில்லை. அந்தத் தொழிற்சாலை என்ன செய்தது தெரியுமோ? சனம் விடுமுறைக்குப் போய் எடுத்த படச்சுருளைத் தபாலில் வாங்கி, கழுவி, தபாலில் திருப்பி அனுப்பியது. கழிவறைக்குப் போகவும் கை தூக்கிக் கேட்க வேண்டிய நிலை உள்ளே. ஆகஸ்ட் 13இல் லூயிஷமில் நேஷனல் ஃப்ரண்ட் என்ற இனவெறிக் கட்சியின் ஊர்வலத்தை சனம் மறித்து அடிதடி. செப்டம்பர் கடைசியில் இந்தப் பாட்டு.

போலி கிரன்விக்கை நினைச்சுத்தான் பாடினவ எண்டு நான் சொல்ல வரவில்லை. அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் கடைச்சரக்கு ஒரு பக்கம், வாயை மூடு என்று சொல்லப்பட்ட பெண் மறுபக்கம் என்று பிரித்து வைப்பது எங்களுக்குத்தான் லேசு. அந்த வருஷம் அந்த ஊரில் இரண்டும் ஒரே வாசலில்தான் நின்றது.

கணக்குப்பிள்ளை:

ஐயா, கிரன்விக் தகவலுக்கு நன்றி. கை தூக்கிக் கேட்கும் விஷயம் எனக்குப் புதிது. ஆனால் பாட்டு வெளியான வருடத்தில் ஊரில் என்னவெல்லாம் நடந்ததோ அதெல்லாம் பாட்டின் கணக்கில் வரவு வைக்க முடியாதல்லவா? அப்படியானால் அந்த வருடம் வந்த டிஸ்கோ பாட்டும் எதிர்ப்புப் பாட்டுதான்.

மயிலை_ஒலிபெருக்கி:

இதில் நான் கணக்குப்பிள்ளை கட்சி. பின்னணி புரிகிறது, பாட்டுக்குள் அது எங்கே என்று காட்டுங்கள்.

ஊசிமுனை:

சரி, பாட்டுக்குள்ளேயே வருகிறேன். எல்லாரும் தாண்டிப்போகிற இடம் ஒன்று உண்டு: 'நான்' என்று பேசுவது யார்?

முன்னுரையில் பேசுகிற நான் வேறு. அது போலி. 'சிலர் இப்படி நினைக்கிறார்கள், ஆனால் நான் நினைப்பது' என்று தொடங்கி வெடிக்கிறது. அடி தொடங்கியதும் வேறு ஒரு நான் வந்துவிடுகிறது. இந்த நான் தன்னைக் கட்டச் சொல்லிக் கெஞ்சுகிறது, எல்லாருக்கும் அடிமையாக இருக்கிறேன் என்கிறது. சங்கிலி அடியில் எல்லாவற்றையும் நுகர்கிறேன், யோசிப்பதே இல்லை என்று பெருமையாகச் சொல்கிறது. பல்லவியில் மறுபடி முதல் நான் வந்து அதன் வாயில் குத்துகிறது. ஒரே தொண்டையில் இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள் அண்ணா.

'வைட் ரயட்' மாதிரிப் பாட்டில் பாடுகிறவர் எப்போதும் நியாயத்தின் பக்கம் நிற்பார். தப்பெல்லாம் வெளியே இருக்கும். இங்கே பாடுகிறவரே வாடிக்கையாளர், பாடுகிறவரே கட்டுண்டவர். கணக்குப்பிள்ளை சிரித்தாரே, கடை போட்டவர் கடையை எதிர்ப்பதா என்று. அந்தச் சிரிப்பை அவர் பாட்டிலேயே எழுதி வைத்துவிட்டார். வட்டைத் திருப்பிப் போட்டால் 'ஐ அம் எ க்ளிஷே'. நானே ஒரு தேய்ந்துபோன சரக்கு என்று தன்னைப் பற்றியே பாட்டு. முதல் சிங்கிளின் பி பக்கத்தில் இப்படித் தன் முகத்திலேயே கரி பூசிக்கொண்ட குழு அந்தக் காலத்தில் வேறு எது?

பெண் விஷயமா, கடை விஷயமா என்று கேட்டீர்கள். போலியே பின்னாளில் பேட்டியில் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார். பொருளுக்கு அடிமையாவதும் மனதில் இருந்தது, வாக்குரிமை கேட்ட பெண்கள் இரும்புக் கிராதியில் தங்களைச் சங்கிலியால் பூட்டிக்கொண்டதும் இருந்தது. அந்தப் பெண்களுக்குச் சங்கிலி ஒரு ஆயுதம். கிங்ஸ் ரோட்டில் அதே சங்கிலி பேண்டில் தொங்கும் அலங்காரம். எதிர்ப்பு எப்படிச் சரக்காக மாறுகிறது என்பதை எதிர்ப்பு இசை பிறந்த சூட்டோடு பாடிவிட்டார். பங்க் பிள்ளைகளின் உடுப்பையே பார்த்துப் பாடிய பங்க் பாட்டு.

பெண் என்பதால் மேடையில் எப்படிப் பார்க்கப்படுவோம் என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும். பல்லில் கம்பி மாட்டியிருந்தார், அதோடுதான் வாயைப் பிளந்து பாடினார். என்னைக் கவர்ச்சிப் பொம்மையாக்கினால் தலையை மழித்துவிடுவேன் என்று சொன்னார். பிறகு உண்மையிலேயே மழித்தார்.

சும்மா_கேட்பவன்:

ஒரே தொண்டையில் இரண்டு பேர் என்றதும்தான் எனக்குப் பாட்டு புரிந்தது. இதுவரை அவர் தன்னைக் கட்டச் சொல்கிறாரா, கூடாது என்கிறாரா என்றே குழப்பம்.

அது சரி, 1979இல் ஏன் கலைந்தார்கள்? அந்தப் பெண் அப்புறம் என்ன ஆனார்?

குறொய்டன்வாசி:

தம்பி, அது கொஞ்சம் கவலையான கதை. 1978 அவைக்கு உச்சம். மார்ச்சில் நியூயோர்க் சிபிஜிபி கிளப்பில் தொடர்ந்து மேடை. ஏப்ரல் 30இல் விக்டோரியா பார்க்கில் இனவெறிக்கு எதிரான பெரிய கார்னிவல், ட்ரபால்கர் சதுக்கத்தில் இருந்து சனம் நடந்தே போனது. கிளாஷ், ஸ்டீல் பல்ஸ், டொம் ரொபின்சன் எல்லாரோடும் இவையும். நவம்பரில் 'ஜெர்ம்ஃப்ரீ அடோலசன்ட்ஸ்' ஆல்பம்.

அந்த வருஷச் சுற்றுப்பயணத்தில் டொன்காஸ்டரில் ஒரு இரவு ஜன்னலுக்கு வெளியே இளஞ்சிவப்பு ஒளி ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னவ. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், மனச்சிதைவு என்று பெயர் எழுதினார்கள். அது இருமுனைக் கோளாறு என்று சரியாகக் கண்டுபிடிக்க 1991 ஆனது. 79இல் குழு முடிஞ்சுது. 1981இல் 'ட்ரான்ஸ்லூசன்ஸ்' என்று தனி ஆல்பம், சத்தமே இல்லாத மெல்லிசை. கத்தலை எதிர்பார்த்து வந்த ஆட்களுக்குப் பிடிக்கவில்லை. பிறகு ஹரே கிருஷ்ணா இயக்கத்தில் சேர்ந்து, ஜோர்ஜ் ஹரிசன் வாங்கிக் கொடுத்த பக்திவேதாந்த மேனர் ஆச்சிரமத்தில் கொஞ்சக் காலம் இருந்தவ. சாக்ஸ் வாசித்த லோராவும் அங்கே! 2008இல் ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் ஒரு நாள் குழு மறுபடி கூடியது. 2011 மார்ச்சில் புது ஆல்பம் வந்தது. ஏப்ரல் 25இல் மார்பகப் புற்றுநோயால் இறந்துபோனா. 53 வயது. மகள் செலஸ்ட் பெல் இன்னொருவரோடு சேர்ந்து இயக்கிய ஆவணப்படம் 2021இல் வந்தது. தாயைப் பற்றிப் பிள்ளை கோபமும் பாசமுமாகப் பேசுகிற படம், கட்டாயம் பாருங்கோ.

நடத்துநர்_2:

ஆவணப்படத்துக்குத் திருட்டு இணைப்பு போட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஹரே கிருஷ்ணா பற்றிய விவாதத்துக்குத் தனி இழை தொடங்கிக்கொள்ளுங்கள், இங்கே பாட்டு மட்டும்.

கணக்குப்பிள்ளை:

ஊசிமுனை அக்கா சொன்ன 'இரண்டு நான்' விளக்கத்துக்கு என்னிடம் பதில் இல்லை, நல்ல விளக்கம். ஆனால் ஒன்றைக் கேட்டே தீருவேன். பித்தளை அண்ணன் 'இரண்டு பெண்கள் சேர்ந்து போட்ட சத்தம்' என்றார். அந்த இரண்டாவது பெண்ணுக்கு என்ன நடந்தது? சிங்கிள் வந்த கொஞ்ச காலத்தில் லோராவுக்குக் குழுவில் இடமில்லை. வேறு ஒரு சாக்ஸ்காரர், ஆண், வந்துவிட்டார். ஆல்பத்தில் லோரா காலத்து மெட்டுகள் பல இருக்கின்றன, லோரா இல்லை. சின்னப் பெண்களின் குரல் கேட்க வேண்டும் என்று பாடிய குழு, இருந்த இரண்டு பேரில் சின்னவரை வெளியே அனுப்பியது. இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஊசிமுனை:

நியாயமான கேள்வி. எனக்கும் உறுத்துகிற விஷயம்தான், அதைப் பூசி மெழுக மாட்டேன். லோரா அதன் பிறகு எஸென்ஷியல் லாஜிக் என்று சொந்தக் குழு தொடங்கி, அங்கே தானே பாடவும் செய்தார். ஒருவகையில் இந்தச் சிங்கிளின் சாக்ஸ் பாதியை எடுத்துக்கொண்டு தனியாக நடந்துவிட்டார். ஆல்பத்தில் சாக்ஸ் சுத்தமாக இருக்கும், அந்த இடிபாடு இருக்காது. எனக்கு ஆல்பம் மிகவும் பிடிக்கும். ஆனாலும் இந்தப் பாட்டுக்கு வந்தால்தான் இரண்டு பேர் வாசலில் முட்டிக்கொள்வது கேட்கிறது.

இன்னொன்று. இந்தப் பாட்டைப் பின்னால் வந்தவர்கள் தூக்கிப் பிடித்தார்கள் என்று குறை சொன்னீர்கள். தொண்ணூறுகளில் அமெரிக்காவில் ரயட் கேர்ள் என்று பெண்கள் குழு குழுவாகக் கிளம்பியபோது பிகினி கில் மாதிரியான குழுக்களுக்கு முன்னால் போலி நின்றார். பாட்டுப் போட்டியில் 38ஆம் இடம் வாங்கியதா என்று அவர்கள் பார்க்கவில்லை. பட்டியலில் ஏறாத பாட்டு பதினைந்து வருடம் கழித்து வேறு கண்டத்தில் ஒருத்தி கையில் கிடார் எடுக்கக் காரணமானால், அதை நீங்கள் வரவில் எழுதத்தான் வேண்டும்.

கணக்குப்பிள்ளை:

எழுதுகிறேன், ஆனால் வேறு நோட்டில்.

குறொய்டன்வாசி:

மயிலை தம்பி 'எதிரி யார் எண்டு சொல்லும்' பாட்டுத்தான் வேணும் எண்டால் ஒன்று சொல்லுறன். ஏலியன் கல்ச்சர், அதாவது அந்நியப் பண்பாடு, எண்டு தென் லண்டனில் ஒரு குழு. 1979இல் தொடங்கி 81க்குள் முடிந்தது. மூன்று பேர் பாகிஸ்தானிக் குடும்பத்துப் பிள்ளைகள், கிடார் மட்டும் வெள்ளைக்காரப் பெடியன். 1978 ஜனவரியில் தட்சர் அம்மையார் (அப்ப எதிர்க்கட்சித் தலைவி) டிவியில் வேறு பண்பாட்டு ஆட்கள் இந்த நாட்டை மூழ்கடித்துவிடுவினமோ எண்டு சனம் பயப்படுது எண்ட மாதிரிக் கதைச்சவ தானே, அந்தப் பேச்சுக்குப் பதிலாக வைத்த பெயர். 1980இல் ஒரே ஒரு சிங்கிள், ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம் இயக்கத்தின் சொந்த லேபிளில். ஒரு பக்கம் 'ஏஷியன் யூத்', மறுபக்கம் 'கல்ச்சர் க்ரோசோவர்'. முதல் வட்டும் அதுதான், கடைசி வட்டும் அதுதான்.

வெள்ளைக்கார இனவெறியையும் திட்டுவினம், வீட்டுக்குள்ளே இருக்கிற கட்டுப்பாட்டையும் திட்டுவினம். எங்கட ஆட்கள் இங்கே பிள்ளை வளர்த்த கதையைத் தெரிந்தவனுக்கு அது நேரே நெஞ்சில் படும். வாசிப்பு அவ்வளவு திறம் எண்டு சொல்ல மாட்டேன். ஆனால் போலி திறந்த கதவால்தான் அவையும் வந்தவை எண்டு நினைக்கிறேன். மண்ணிற முகம் ஒன்று பங்க் மேடையில் நடுவில் நிற்கலாம் எண்டு 1977இல் காட்டினது அந்தப் பிள்ளை.

மயிலை_ஒலிபெருக்கி:

கேட்டேன் ஐயா. ஏலியன் கல்ச்சர் எனக்கு நேராகப் புரிகிறது, ஒரே தடவையில் முடிந்தும் விடுகிறது. எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் அப்படி முடியவில்லை. காலையிலிருந்து அந்த 'யோசிப்பதே இல்லை' அடி விடாமல் துரத்துகிறது, அதுவும் ஆன்லைனில் ஒரு ஸ்பீக்கரை விலை பார்த்துக்கொண்டிருக்கும்போது.

எதிர்ப்புப் பாட்டு என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'அனார்க்கி' வகையறாவோடு ஒரே பெட்டியில் இதைப் போடுவது தப்பு என்பதில் உறுதியாக இருக்கிறேன். அவை எதிரியைத் திட்டும் பாட்டுகள். இது கேட்கிறவனைத் திட்டும் பாட்டு.

புதுமுகம்88:

அனைவருக்கும் வணக்கம். இந்த இழையைப் படித்துவிட்டுத்தான் சேர்ந்தேன். எந்தப் பதிவைக் கேட்பது? ஒன்றில் கூட்டத்தின் சத்தம் கேட்கிறது, இன்னொன்றில் இல்லை.

ஊசிமுனை:

கூட்டம் கேட்பது ராக்ஸி கிளப் பதிவு. கோவென்ட் கார்டன் நீல் ஸ்ட்ரீட்டில் இருந்த சின்ன இடம், 1977 தொடக்கத்தில் லண்டன் பங்க் குழுக்கள் எல்லாம் அங்கேதான் கிடந்தன. அங்கே பதிவு செய்து அந்த ஜூனில் வந்த தொகுப்பு வட்டில் வயர், பஸ்காக்ஸ், ஆட்வர்ட்ஸ் இவர்களோடு எக்ஸ்-ரே ஸ்பெக்ஸும் உண்டு. ஆக, சிங்கிளுக்கு முன்னாலேயே பாட்டு வட்டில் வந்துவிட்டது. கூடி சில மாதமே ஆன குழு, தாளம் அங்கங்கே தள்ளாடும். சிங்கிள் அதன் பிறகு ஸ்டூடியோவில் வாசித்தது, தயாரிப்பு அவர்களுடைய மேனேஜர் ஃபால்கன் ஸ்டூவர்ட். முதலில் சிங்கிளைக் கேளுங்கள்.

பழைய வட்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1978இல் வந்த ஆல்பத்தில் இந்தப் பாட்டு கிடையாது. அதற்காகவே ஆல்பம் வாங்கி வீட்டுக்கு வந்து தேடியவர்களை எனக்குத் தெரியும். பின்னால் வந்த சிடிகளில் சேர்த்திருக்கிறார்கள், அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பித்தளைக்காரன்:

நேற்று ஒத்திகையில் எங்கள் செட்டில் அந்த சாக்ஸ் வரியைப் போட்டுப் பார்த்தேன். மெட்டு சுலபம், சின்னப் பையனும் பிடித்துக்கொள்வான். ஒலிதான் வரவில்லை. இருபது வருடமாகக் குழைத்துக் குழைத்துப் பழகிய உதடு தட்டையாக ஊத மாட்டேன் என்கிறது. டிரம்ஸ் தம்பிக்கு ரொம்பப் பிடித்துப்போய், மறுபடி மறுபடி என்றான். மாஸ்டர் உள்ளே வந்து, எந்த ஊர் சினிமாப் பாட்டு இது என்று கேட்டார். லண்டன் என்றேன். ஊர்வலத்தில் இதை வாசித்தால் மாப்பிள்ளை வீட்டார் காசு தரமாட்டார்கள் என்று சொல்லிவிட்டு, சரி இன்னொரு தடவை வாசி என்றார்.

கணக்குப்பிள்ளை:

அண்ணே, அதைப் பதிவு செய்து இங்கே போடுங்கள். காசு நான் தருகிறேன்.